பனி வந்தால் நின்றுவிடும் பெட்டி

கைபேசியில் எழுத்து கொஞ்சம் சிறிதாகிப்போனால்கூட நாம் உடனே பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். போன மாதம் பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரும் கூடியபோது பார்த்தேனே, நம் வயதில் யாரும் இதற்கு விலக்கில்லை. அன்று பேச்சோடு பேச்சாக, "நான் பன்னிரண்டு வயதிலேயே கம்ப்யூட்டரில் விளையாடியவள்" என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தீர்கள். அந்தக் காலத்தில், அதுவும் தோட்டத்தில், கம்ப்யூட்டரா என்று கேட்டீர்கள். இருந்தது. ஒரே ஒரு மழைக்காலம் எங்கள் வீட்டில் இருந்தது. அது ஓடிய நேரத்தைவிட நின்றுபோய்க் கிடந்த நேரம்தான் அதிகம். அது ஏன் நிற்கிறது என்று தேடப்போய் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பாமல் போனோம். அந்தக் கதையைச் சிரிப்புக்கு நடுவே சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

அப்பா ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கர். கொழுந்து பெக்டரிக்குள் வந்ததிலிருந்து தேயிலையாகி வெளியே போகும்வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. பெக்டரிக்கு நேர் கீழே எங்கள் குவாட்டர்ஸ். ஜன்னலைத் திறந்தால் மத்தியானத்தில் கொழுந்து வாடும் பச்சை வாசனை வரும். காலையில் வறுபட்ட தேயிலை வாசனை வரும். நாள் முழுக்க மேலேயிருந்து ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பழகிய காதுக்கு அது சத்தமே இல்லை. எங்கள் வீட்டுக்கு மின்சாரமும் பெக்டரியிலிருந்துதான் வந்தது. அதன் பின்சுவரில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் எங்கள் குவாட்டர்ஸ் வரிசைக்கான மெயின் சுவிட்ச்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. குவைத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டு, எண்பத்து மூன்று கலவரம் முடிந்த அடுத்த வருஷத்தில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குக் கைக்கடிகாரம், எனக்கு என்ன என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, சட்டைகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். கணக்குப் புத்தகம் அளவுதான் இருந்தது. மேலே சாம்பல் நிற ரப்பர் பொத்தான்கள். விரல் வைத்தால் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரைத் தொடுவதுபோல் இருக்கும்.

"இது என்ன மாமா, கால்குலேட்டரா?"

"கம்ப்யூட்டர். நீ வெளையாட."

அதை எங்கள் கறுப்பு வெள்ளை டிவியோடு ஒரு வயரால் இணைத்தார். இன்னொரு வயரைக் கெசட் ரெக்கோடரில் செருகினார். விளையாட்டு கெசட்டில்தான் இருக்கும். கெசட்டை ஓடவிட்டால் பாட்டு வராது. முதலில் கீ என்று ஒரு நீண்ட கத்தல். அப்புறம் தகர டின்னுக்குள் வண்டுக் கூட்டத்தை அடைத்துக் குலுக்குவதுபோல ஒரு இரைச்சல். டிவியில் கோடு கோடாக ஓடும். அந்த இரைச்சல் முடியும்வரை பொறுத்திருந்தால்தான் படம் வரும். மரங்களிலிருந்து பழங்கள் விழும். கீழே ஒரு சின்ன ஆள் கூடையோடு ஓடி ஓடிப் பிடிப்பான். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்த ஆள் என் விரலுக்குக் கட்டுப்பட்டு ஓடினான். அதற்கு முன் என் சொல்லுக்கு எங்கள் வீட்டில் பூனைகூட ஓடியதில்லை.

முதல் நாளே நின்றது. கூடை பாதி நிறைந்தபோது திரை சட்டென்று வெளுத்து, எல்லாம் அழிந்து, கெசட் போடுவதற்கு முன் இருந்ததுபோல வெறுமையாக நின்றது. மறுபடி கெசட்டைச் சுற்றி, மறுபடி அந்த இரைச்சலைக் கேட்டு, மறுபடி தொடங்கவேண்டும். மறுநாளும் அப்படித்தான். சில நாள் இரண்டு மூன்று தடவை. சில நாள் ஒன்றுமே ஆகாது.

மாமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. முதலில் வயரைச் சந்தேகப்பட்டார். நுனிகளை வெட்டி, சீவி, புதிதாக முறுக்கினார். அப்புறம் கெசட் ரெக்கோடரைச் சந்தேகப்பட்டு, அம்மாவின் ஓடிகொலோன் போத்தலில் பஞ்சை நனைத்து உள்ளே துடைத்தார். வீடே மணத்தது. சூடுதான் காரணம் என்று, பெட்டியை டிவிமேல் இருந்து இறக்கி எனாமல் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார். எதற்கும் அது அடங்கவில்லை. திரை நன்றாகத் தெரியவேண்டும் என்று விளையாடும்போது விளக்கை அணைத்துவிடுவார். அந்த அரை இருட்டில் அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம், காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். "பனி. பனி ஏறி வாற நாள்லதான் நிக்குது. வெயில் நாள்ல பாரு, ஓடுது."

உண்மைதான். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி, எதிர் மலை மறைந்து, எங்கள் வாசல் ரோசாச் செடியும் மறையும் பிற்பகல்களில்தான் பெட்டி திரும்பத் திரும்ப நின்றது. உள்ளே ஈரம் இறங்குகிறது என்று மாமா முடிவு கட்டினார். பெட்டிக்கு பொலித்தீன் உறை போட்டார். கெசட்டுகளைத் துணியில் சுற்றி, ஈரம் பிடிக்காது என்று, அம்மாவின் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தார். அம்மா அரிசி அளக்கும்போதெல்லாம் கெசட் கையில் தட்டும். "ஒரு நாளைக்கு இதத்தான் ஒலையில போடப் போறேன்" என்பாள். ஆனாலும் எடுத்து வெளியே வைத்ததில்லை.

பெட்டி அதற்கும் அடங்கவில்லை. மாமா அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போனார். கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். என்னையும் கூட்டிப்போனார். கடைக்குள் ஈயம் உருகும் வாசனை. வயிறு கிழிந்த ரேடியோக்கள் தட்டு நிறைய இருந்தன. நானா பெட்டியைக் கண்டதில்லை. ஆனால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தன் டிவியில் பூட்டி, தன் பிள்ளையைப் போல் அதைப் பார்த்தார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுற்றிவிட்டு வந்தோம். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அன்று பதுளையிலும் மழை கொட்டியது.

"மெசின்ல ஒரு கொறையும் இல்ல தம்பி" என்றார் நானா. "ஒங்கட ஊட்லதான் ஏதோ கொறை."

அந்த வார்த்தையை மாமா பஸ்ஸில் வரும்போது மென்றுகொண்டே வந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கவனிக்கவில்லை. இப்போது நினைத்தால், எங்கள் வீட்டுக்குள் சந்தேகம் ஏறிய பஸ் அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பெக்டரி மூடியிருந்தது, அப்பா வீட்டில் இருந்தார். பனியும் இருந்தது. ஆனால் பெட்டி ஒரு தடவையும் நிற்கவில்லை. நான் சந்தோஷத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன். மாமாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. மறுநாள் அப்பா பெக்டரிக்குப் போன பிற்பகலில் பெட்டி மறுபடி நின்றது. மாமா எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே அம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"அக்கா, மெயின் சுவிட்சு எங்க இருக்கு?"

"பெக்டரியில. ஏன்?"

"மச்சான் வீட்ல இருந்தா ஓடுது. பெக்டரிக்குப் போனா நிக்குது."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "அவரு எதுக்குடா அப்படிச் செய்யணும்?"

"எனக்கென்ன தெரியும். நான் வந்தது புடிக்கலயோ என்னவோ."

"வாய மூடு" என்றாள் அம்மா. ஆனால் அன்று மாலை அப்பா வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் அவரைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது.

அப்பாவுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது இதைவிடப் பெரியது. அந்த வருஷங்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். எந்த வீட்டில் புது ஆள் வந்தாலும், இயக்கத்து ஆளா என்று கேள்வி வரும். நம் ஆட்கள் பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேசத் தயங்குவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞன், கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கை அணைத்துக்கொண்டு, பாட்டு இல்லாத கெசட்டிலிருந்து கீ கீ என்று ஒரு சத்தத்தை ஓடவிடுகிறான். கெசட்டை அரிசிக்குள் ஒளித்து வைக்கிறான். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போகிறான். பக்கத்து குவாட்டர்ஸில் இருந்த தோட்ட ஆபீஸ் கிளாக்கர், "ஒங்க மச்சினன் என்ன, தந்தி அடிக்கிறாரா?" என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். "குவைத்துல யார்கூட ரூம்ல இருந்த?"

"மூணு பேரு. எல்லாம் யாழ்ப்பாணத்துப் பையனுங்க."

"அவங்க இப்ப எங்க?"

"ஒருத்தன் அங்கதான். மத்தவங்க ஊருக்கு வந்துட்டாங்க. ஏன் மச்சான்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். மாமா, அவர் போன பின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் மற்றவரை எதற்காகச் சந்தேகப்படுகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஜீப் வந்தது ஒரு பிற்பகலில். அன்று பனி அப்படி இறங்கியிருந்தது. ஜீப் வாசலுக்கு வந்த பிறகுதான் ஜீப் என்று தெரிந்தது. ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு சார்ஜன்ட், வெளியே இன்னும் இரண்டு பேர். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில்தான் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன். அவர் குரலை உயர்த்தவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்க்கவுமில்லை. நேராகச் சமையலறை வாசலில் போய் நின்று அம்மாவிடம், "அரிசி டின் எது?" என்று கேட்டார்.

அம்மா கையைக் காட்டினாள். சார்ஜன்ட் முழங்கைவரை கையை விட்டு, துணி மூட்டையை எடுத்தார். அரிசி தரையில் சிந்தியது. அதற்குள் அப்பா பெக்டரியிலிருந்து ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சிந்திய அரிசியைப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"இது என்ன கெசட்?"

"வெளையாட்டு, சேர். பிள்ளைங்க வெளையாட்டு."

"போட்டுக் காட்டு."

மாமா பெட்டியைப் பூட்டினார். வழக்கம்போல விளக்கை அணைக்கப் போனார். "விளக்கு எரியட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். கெசட் ஓடியது. அந்த இரைச்சல் தொடங்கியதும் சார்ஜன்ட் ஓர் அடி பின்னால் போனார். நாங்கள் எல்லோரும் நின்றபடி அது முடியக் காத்திருந்தோம். அவ்வளவு நீளமான சத்தம் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை. முடியும் தறுவாயில் திரை வெளுத்தது.

"என்ன அழித்தாய்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் ஒன்னும் அழிக்கல சேர். இது இப்படித்தான் நிக்கும்."

"நான் பார்க்கும்போது மட்டும் நிற்குமா?"

மறுபடி ஓடவிட்டார் மாமா. பொத்தான் இரண்டு தடவை தவறியது. மறுபடி அந்த இரைச்சல். இந்தத் தடவை மரங்கள் வந்தன, கூடைக்காரன் வந்தான். ஒரு பழம் விழத் தொடங்கியது. அதற்குள் எல்லாம் போனது. இன்ஸ்பெக்டர், "சரி, ஸ்டேஷனில் வந்து ஓட்டிக் காட்டு" என்றார். வெளியே நின்ற ஒருவர் உள்ளே வந்து மாமாவின் தோளில் கை வைத்தார். அந்தக் காலத்தில் ஸ்டேஷனுக்குப் போனவர்களில் எத்தனை பேர் அன்றைக்கே வீடு திரும்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்பா பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. பெக்டரிச் சத்தத்தில் ஏதாவது மாறினால் அவர் அப்படித்தான் நிற்பார்.

"சேர்" என்றார். "இன்னும் ஒரே ஒரு தடவ. நான் மேல போய்ட்டு வாறேன்."

"எதற்கு?"

"மேல கொழுந்து வாட்டுற பேனப் போட்டாங்க, சேர். அப்ப லைட்டு மங்கிச்சு. மொதல்லயும் மங்கிச்சு."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. சார்ஜன்டை அப்பாவோடு அனுப்பினார். இருவரும் பனிக்குள் ஏறிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து வந்த முனகல் இறங்கி, இறங்கி, நின்றது. கொழுந்து வந்து கிடக்கும் பிற்பகலில் பெக்டரி ஊமையாகி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தூரத்து ஓடையின் சத்தம் வீட்டுக்குள் வந்தது. தொழிலாளர் லயத்துப் பக்கம் ஆட்கள் வெளியே வந்து என்ன என்று கேட்டுக்கொள்வதுகூடக் கேட்டது.

மாமா மூன்றாவது தடவை கெசட்டை ஓடவிட்டார். படம் வந்தது. பழங்கள் விழுந்தன. கூடைக்காரன் பிடித்தான். நிற்கவில்லை.

திரும்பி வந்த சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது என்ன, தோடம்பழமா?" என்று என்னிடம் கேட்டார். நான் அவர் விரலைப் பிடித்து, இது இடப்பக்கம், இது வலப்பக்கம் என்று காட்டிக்கொடுத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பழங்கள் தவறத் தவற உச்சுக்கொட்டினார். இன்ஸ்பெக்டர் கடைசியில் அவரைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது. போகும்போது மாமாவிடம், "இந்தச் சாமானோடு இங்கே இருக்காதே. அடுத்த தடவை வருபவர் இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்" என்றார். அது மிரட்டலா, நல்ல வார்த்தையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படித்தான் பெட்டியின் நோய் தெரியவந்தது. பெக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் பேன்கள் ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம். ஒன்றைப் போடும்போது கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் இறங்கும். கவனித்துப் பார்த்தாலொழியப் பல்பு மங்குவதுகூடத் தெரியாது; நாங்களோ விளையாடும்போது விளக்கை அணைத்துவிடுவோம். அந்தச் சின்னப் பெட்டிக்கு அது சாவு. பனி நாளில் கொழுந்து நனைந்து வரும். அப்பா எல்லாப் பேனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை எதுவும் ஓடாது. மாமா பனியைச் சந்தேகப்பட்டதும் பாதி சரி. அப்பாவைச் சந்தேகப்பட்டதும் பாதி சரி. ஒவ்வொரு தடவையும் அதை நிறுத்தியது அப்பாவின் வேலைதான், அவருக்கே தெரியாமல்.

அன்று நின்ற பேன்களை மறுபடி போடுவதற்குள் ஈரக்கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டது. அவ்வளவும் வீண். மறுநாள் தோட்டத்து மேனேஜரான துரை வேலைக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பேசின பேச்சை லயம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

அரிசி டின்னைப் பற்றிப் பொலிஸுக்குச் சொன்னது கிளாக்கர்தான் என்று அம்மா முடிவு கட்டினாள். அவர் வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதையும் நிறுத்தினாள். மாமா இரண்டு நாளில் பையைக் கட்டினார். கொழும்பில் ஒரு கூட்டாளி வீட்டில் இருந்து மறுபடி வெளிநாட்டுக்கு முயற்சி செய்வதாகச் சொன்னார். பெட்டியையும் எடுத்துக்கொண்டார். நான் அழுதேன். பெட்டிக்காகவா மாமாவுக்காகவா என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

பெரகல சந்திவரை அப்பாவும் நானும் போனோம். பஸ்ஸுக்காகக் கடை ஓரத்தில் நின்றோம். அப்பா மூன்று பேருக்கும் டீ வாங்கினார். மாமா குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"அரிசி டின்னு நம்ம வீட்டாளுங்களுக்கு மட்டுந்தான் தெரியும், மச்சான்."

அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தொரைக்கிட்ட நாந்தான் சொன்னேன்" என்றார். "யோசன கேக்கத்தான் போனேன். அவரு பொலிசுக்குப் போன் பண்ணுவாருன்னு நெனக்கல."

"எதுக்குப் போனீங்க?"

"பயந்துட்டேன்."

மாமா டீயைக் கீழே ஊற்றவில்லை, கோபப்படவும் இல்லை. "என்னப் பாத்துப் பயந்தீங்களா, எனக்காகப் பயந்தீங்களா?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்.

அப்பா டீக் கோப்பையைக் கடைப் பலகையில் வைத்தார். "தெரியல" என்றார்.

பஸ் வந்தது. மாமா ஏறும்போது என் தலையில் கை வைத்தார். அப்பாவின் கையைப் பிடித்துவிட்டு விட்டார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா, "அம்மாகிட்ட நீ சொல்லாத. நானே சொல்றேன்" என்றார். சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று மத்தியானமே, அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல், சந்தியில் சொன்னது போலவே சொன்னார்.

அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். கத்துவாள் என்று பயந்து நான் கதவோரம் போனேன். அவள் கத்தவில்லை.

"பயந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள். "நான் இங்கதானே இருந்தேன்."

அப்பா தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.